மூன்று செல்களில் இரண்டு: பருத்தித்துறைச் சுழியோடி ஒருவரின் முதல் ரீபிரீதர்

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடை ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கியிருந்தது. பருத்தித்துறையிலிருந்து ஒரு தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிற்றால் வரிந்து கட்டிய கறுப்புப் பெட்டி. இலண்டனிலிருக்கும் மைத்துனர் அனுப்பியது. உள்ளே ஒரு ரீபிரீதர், ஒன்பது ஆண்டுப் பழசு.

“அண்ணை, புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.”

“வாங்கிவிட்டுப் பார்க்கச் சொல்கிறீரா, வாங்கலாமா என்று கேட்கிறீரா?”

“காசு இன்னும் கொடுக்கவில்லை. சரியில்லை என்றால் மச்சான் திரும்ப எடுப்பார்.”

நல்லது என்றேன். காசு கொடுத்த பிறகு வருபவர்கள் கேட்க வருவதில்லை, ஆமென்று சொல்ல ஆள் தேடி வருகிறார்கள்.

அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். தம்பி என்றே இருக்கட்டும். வயது 36. யாழ்ப்பாண நகரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். எட்டுப் பருவங்களில் 240 தடவை சுழியோடியிருக்கிறார். இரட்டைச் சிலிண்டர், படிப்படியாக நின்று மேலேறும் அமுக்கநீக்கப் பயிற்சி எல்லாம் முடித்தவர். ரீபிரீதர் பயிற்சி மட்டும் இல்லை.

எதற்காக

ரீபிரீதரைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி. வழமையான சிலிண்டரில் நாம் விடும் மூச்செல்லாம் குமிழியாக மேலே போய்விடுகிறது. உடம்பு அதிலிருந்து எடுக்கும் ஒட்சிசன் மிகக் கொஞ்சம். நிதானமாக நீந்துபவருக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவு. 10 மீற்றர் ஆழத்திலும் அவ்வளவுதான், 50 மீற்றரிலும் அவ்வளவுதான். ரீபிரீதர் விட்ட மூச்சைக் காற்றுப்பையில் பிடித்து, சோடாச் சுண்ணாம்பு நிரப்பிய குடுவை வழியே செலுத்திக் காபனீரொட்சைட்டை அகற்றி, குறைந்த ஒட்சிசனைச் சிறு சிலிண்டரிலிருந்து சேர்த்து மறுபடியும் வாய்க்கே தருகிறது. எண்ணம் பழையது. ஹென்றி ஃபுளூஸ் 1878 இல் செய்த கருவியை மாட்டிக்கொண்டுதான் 1880 இல் அலெக்சாந்தர் லாம்பர்ட் என்ற சுழியோடி, பிரித்தானியாவில் வெள்ளம் புகுந்த செவேர்ன் ரயில் சுரங்கத்தின் இருட்டுக்குள் நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். பொழுதுபோக்குச் சுழியோடிகள் கடையில் வாங்கக்கூடிய பொருளாக அது பரவியது 1997 இல் பிரித்தானியாவில் இன்ஸ்பிரேஷன் என்ற கருவி வந்த பிறகு.

தம்பிக்கு இது எதற்கு? பாக்கு நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 15 மீற்றர்கூட இல்லாத கடல். காரைநகரிலும் நெடுந்தீவைச் சுற்றியும் பார்க்க வேண்டியதை ஒற்றைச் சிலிண்டரோடு பார்த்துவிடலாம். ஆனால் அவருடைய கண் கிழக்கில் இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ். 307 பேர் அதோடு போனார்கள். ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் இன்றும் கிடக்கிறது. தம்பி இரண்டு தடவை இறங்கியிருக்கிறார். இரண்டு தடவையும் சாதாரணக் காற்றைச் சுவாசித்து. இரண்டு தடவையும் பார்த்ததில் பாதி நினைவில்லை. அந்த ஆழத்தில் நைதரசன் தரும் மயக்கத்துக்குக் கள்ளுக்கடையில் காசு கொடுக்க வேண்டும்.

காகிதத்தில் கணக்குப் போட்டோம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்செடுப்பவர், 6.3 பார் அமுக்கமுள்ள 53 மீற்றரில் 126 லீற்றர் எடுக்கிறார். 25 நிமிடத்துக்கு 3,150 லீற்றர். இரட்டைப் பன்னிரண்டு லீற்றர்ச் சிலிண்டர்களில் 200 பார் இருந்தால் மொத்தம் 4,800. மூன்றில் ஒரு பங்கை ஆபத்துக்கு ஒதுக்கினால் கையில் 3,200. மட்டுமட்டு. மயக்கத்தைக் குறைக்க 45 வீதம் ஹீலியம் கலந்தால், அடியில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் 1,400 லீற்றருக்கு மேல் ஹீலியம் குமிழியாகப் போகும். ரீபிரீதரில் அதே வேலைக்கு 3 லீற்றர்ச் சிலிண்டர் ஒன்று, அதிலும் மிச்சம் இருக்கும். ஆபத்துக்குத் தொங்கவிடும் பெயிலவுட் சிலிண்டர்களிலும் ஹீலியம் வேண்டும்தான். ஆனால் தொடாவிட்டால் அது அடுத்த முறைக்கும் அப்படியே இருக்கும்.

இவ்வளவும் தம்பிக்கு ஏற்கனவே தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. சுழியோடி சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லீற்றருக்கு 5.2 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 6.2 ஐத் தாண்டவே கூடாது என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. காற்று 31 மீற்றரளவில் முதல் எல்லையையும் 39 மீற்றரளவில் இரண்டாவதையும் தொடுகிறது. ஹேர்மிஸின் ஆழத்தில் அது எட்டு கிராம். ரீபிரீதரில் நம் நெஞ்சுதான் வாயுவைச் சுற்றி ஓட்டும் பம்ப். கனத்த வாயுவைத் தள்ள முடியாமல் காபனீரொட்சைட்டு உடம்பிலேயே தங்கும். ஆகவே அங்கே காற்றோடு ரீபிரீதரில் போகவே கூடாது, ஹீலியம் கட்டாயம். முதல் நிலைப் பயிற்சியோ காற்றில் 40 மீற்றர் வரைதான். ஹீலியத்துக்கான அடுத்த நிலைக்கு முன் ஐம்பது மணித்தியாலமாவது கருவியோடு தண்ணீருக்குள் இருந்து வா என்பேன்.

“அப்படியென்றால் ஹேர்மிஸுக்காக வாங்கும் கருவியோடு இந்தப் பருவம் ஹேர்மிஸுக்குப் போக முடியாதா, அண்ணை?”

“முடியாது. வேறு எங்கே போவீர் என்று சொல்லும்.”

இந்தக் கேள்விக்கு விடை இல்லாதவர் வாங்கத் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை ஹேர்மிஸ் மட்டும்தான் என்றால், ஹீலியத்தை வாங்கிக் குமிழியாக விடுவது இதைவிட மலிவு, பாதுகாப்பும் கூட. ஆண்டுக்கு ஐந்து மணித்தியாலம் ஓட்டும் கருவி, அதை ஓட்டுபவருக்கே அந்நியம். தம்பி ஒரு கிழமை எடுத்துக்கொண்டு, வல்வெட்டித்துறையிலுள்ள ஆசிரியர் நண்பரோடு பேசி, கிழமைக்கு ஒரு தடவை காங்கேசன்துறைப் பக்கம் ஆழமில்லாத நீரில், சோளகக் காலத்தில் மாதம் இருமுறை கிழக்கில் என்று ஒரு கணக்கோடு வந்தார். சரி என்றேன். அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

பெட்டிக்குள்

குழாய்கள், காற்றுப்பைகள், குடுவை எல்லாம் துடைத்து மெருகேற்றி இருந்தன. விற்பவர் அன்பாக வைத்திருந்தவர்தான். நேராகச் செல்களுக்குப் போனேன்.

ஒட்சிசன் செல் என்பது ஒரு சிறு மின்கலம். ஒட்சிசன் பட்டால் சில மில்லிவோல்ற்று மின்னைத் தரும். ஒட்சிசனின் அமுக்கம் கூடக் கூட மின்னும் கூடும். ஒன்று பழுதானாலும் தெரியும் என்பதற்காகப் பெரும்பாலான கருவிகளில் மூன்று வைத்திருக்கிறார்கள். கழுத்தில் அச்சிட்டிருந்த திகதியைப் பார்த்தால், ஒன்று பதினொரு மாதத்துக்கு முன் செய்தது, மற்ற இரண்டும் ஒரே தொகுதியில் வந்தவை, மூன்றாண்டு தாண்டியவை. ஒரு செல்லின் நல்ல ஆயுள் ஒன்று, ஒன்றரை ஆண்டு. அது தண்ணீருக்குள் போனாலும் போகாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும், வெக்கையில் இன்னும் வேகமாக.

“ஆனால் வேலை செய்கிறதே” என்றார் தம்பி. நேற்றே அளவுதிருத்தம் செய்து பார்த்திருந்தார். திரை சரி என்று காட்டியதாம். நானும் செய்தேன், சரி என்றுதான் காட்டியது.

மறுபடி மில்லிவோல்ற்றுப் பக்கத்தைத் திறந்து, மேசையில் ஒரு பழைய கொப்பியை விரித்தோம். சாதாரணக் காற்றில் முதற்செல் 10.9, இரண்டாவது 9.4, மூன்றாவது 9.1. காற்றில் ஒட்சிசன் 21 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே தூய ஒட்சிசனில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.8 மடங்கு காட்ட வேண்டும்: 52, 45, 43. ஒட்சிசனைத் திறந்து, மூச்சு ஓடும் சுற்றை நன்றாகக் கழுவினேன். முதற்செல் 51.5. இரண்டாவது 39. மூன்றாவது 38. கொஞ்ச நேரம் விட்டோம், அசையவில்லை.

அதன் பொருள் உடனே புரியாது. தம்பிக்கும் புரியவில்லை. கருவிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அளவுதிருத்தத்தின்போது தூய ஒட்சிசனில் செல் எதைக் காட்டுகிறதோ அதை 1 பார் என்று எழுதிக்கொள்ளும், ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தால் போதும். 39 எல்லைக்குள் இருந்தது. இனித் தண்ணீருக்குள் 1.3 பார் வைத்திரு என்று கட்டளை இடுகிறோம். அதற்கு இரண்டாவது செல் 51 மில்லிவோல்ற்று தர வேண்டும். அதன் பெலன் 39 இலேயே முடிந்துவிட்டது. சுற்றுக்குள் எவ்வளவு ஒட்சிசன் ஏறினாலும் அது 1 பார் என்றே சொல்லும். மூன்றாவதும் அப்படியே. முதற்செல் மட்டும் 1.3 என்று உண்மையைச் சொல்லும். ஒட்சிசன் வால்வைத் திறந்து மூடும் கட்டுப்படுத்திக்குள் வாக்கெடுப்பு நடக்கிறது: ஒத்துப்போகும் இரண்டை நம்பு, ஒத்துப்போகாத ஒன்றைத் தள்ளு. பொய்யர் இருவர், உண்மை சொல்பவர் ஒருவர். வால்வு திறந்து ஒட்சிசனை விட்டுக்கொண்டே இருக்கும். 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு எப்போதும் வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருப்பது கழன்று விழும்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து, “யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதா?” என்று கேட்டார்.

செல்லை மாற்றினால் போயிற்று என்று சொல்லலாம். உண்மைதான், அதனால் நான் அந்தக் கருவியை அன்றே தள்ளிவிடவில்லை. தள்ளியது இரண்டு நாள் கழித்து, வேறு காரணத்துக்காக. அந்த வகைக் கருவிக்குக் குழாய், வளையம், வால்வு உதிரிகள் எங்கிருந்து, எத்தனை கிழமையில் வரும் என்று தேடினோம். தயாரிப்பு நின்றுபோன பதிப்பு. அதைக் கற்பிக்கும் பயிற்றுநரும் பக்கத்தில் யாருமில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, பார்சல் சுங்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்பது தெரிந்தவர் யாரும் அதை வாங்கமாட்டார். பெட்டி திரும்பிப் போனது.

எதை எடுப்பது

தம்பி முதலில் கேட்டது இலத்திரனியல் இல்லாத ஒன்று: கிஸ் போன்ற கைவகைக் கருவி. சிறு துளை வழியே ஒட்சிசன் ஒரே அளவில் கசிந்துகொண்டிருக்கும். மிச்சத்தைச் சுழியோடி கையால் சேர்ப்பார். எங்கள் உப்புக்காற்றில் மின்சாரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவருடைய வாதம். மோசமான வாதமல்ல. கையால் சேர்ப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதும் அதன் நன்மை. ஆனால் அந்தத் திரைக்கும் அதே செல்கள்தான் சொல்கின்றன. நாம் பார்த்த இரண்டு செல்களும் கைவகைக் கருவியிலும் 1 என்றே காட்டியிருக்கும், தம்பி தன் கையாலேயே ஒட்சிசனை அமுக்கியிருப்பார்.

என்னுடைய சாய்வு ரெவோ பக்கம் இருந்தது. பெல்ஜியத்தில் பிறந்த கருவி. சுண்ணாம்பை இரண்டு குடுவைகளில் பிரித்து வைக்கும் அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். இன்ஸ்பிரேஷனில் சுண்ணாம்புக்குள் வெப்பம் எங்கே ஏறுகிறது என்று காட்டும் கோல் இருப்பதும் நல்ல விடயம். கடைசியில் தம்பி எடுத்தது டென்மார்க்கின் ஜேஜே. ஏனென்றால், பருவத்தில் திருகோணமலைக்கு வரும் பயிற்றுநர் கற்பிப்பது அதைத்தான். அவர் பையில் அதற்கான உதிரிகள் இருக்கும். கட்டுப்படுத்தி கனடாவின் ஷியர்வோட்டர் என்பதால் தம்பி கையில் கட்டியிருந்த கணினியின் அதே திரை, அதே பொத்தான். விபரத்தாளில் எந்த வரியும் இதை முடிவுசெய்யவில்லை. விலை முச்சக்கர வண்டியைத் தாண்டியது. வீட்டில் அதற்கு எப்படி அனுமதி வாங்கினார் என்பது தனி ஆய்வு.

வாய்த்துண்டு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு திருப்பில் பெயிலவுட் சிலிண்டருக்கு மாற்றிவிடும் பெயிலவுட் வால்வு அதிலேயே பொருத்தியிருக்க வேண்டும், முகத்தோடு இறுக்கும் பட்டி வேண்டும் என்றேன். சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலையில் 22 மீற்றரில் எனக்கு நடந்தது காரணம். குடுவைக்கு அடியில் போட வேண்டிய ரப்பர் வளையத்தைப் போடாமல் மூடிவிட்டேன். வாயுவில் ஒரு பங்கு சுண்ணாம்பைத் தொடாமலே சுற்றி வந்தது. இறங்குமுன் மேலே கருவியைச் சோதிக்க ஐந்து நிமிட முன்மூச்சு எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. பகுதியாகப் பழுதான சுண்ணாம்பை அந்தச் சோதனை நம்பத்தக்க விதத்தில் காட்டிக்கொடுப்பதில்லை. கீழே, நீரோட்டத்தை எதிர்த்து நாலு உதை உதைத்த பிறகு, மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்: வாயிலிருப்பதை எடு, பெயிலவுட் சிலிண்டரின் வாய்த்துண்டான ரெகுலேற்றரை வை. ஒரு வினாடி மூச்சை நிறுத்தினால்தான் அதைச் செய்யலாம், நிறுத்த முடியவில்லை. கை ரெகுலேற்றரைப் பிடித்துக்கொண்டே நின்றது. எப்படி மாற்றினேன் என்பது இன்றும் கோர்வையாக நினைவில்லை. வால்வு வாயிலேயே இருந்திருந்தால் ஒரு திருப்பு. அவ்வளவுதான்.

தம்பி இன்னொரு கேள்வியும் கேட்டார்: இது எவ்வளவு ஆபத்து? அவுஸ்திரேலிய மருத்துவர் ஆண்ட்ரூ ஃபொக் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், 1998 முதல் 2010 வரை பதிவான 181 ரீபிரீதர் மரணங்களைப் பார்த்து, சாதாரணச் சிலிண்டரோடு ஒப்பிட்டால் இறப்பு வீதம் ஏறக்குறையப் பத்து மடங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார். நான் எண்ணை மட்டும் சொன்னேன். குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் நாளொன்றுக்குப் பல சிலிண்டர் இறங்கி, அமுக்கநீக்க நோயில் கால் இழுபட்டவர்களைப் பார்த்து வளர்ந்த ஊரில், கடல் என்ன செய்யும் என்பதைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. மட்டக்களப்பில் ஏதும் நடந்தால் சுமார் 130 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

சில்லறை விடயங்கள்

கருவி வந்த பிறகுதான் உண்மையான செலவு. சுண்ணாம்பு 20 கிலோக் கலனில் வரும். ஒரு தடவை நிரப்ப இரண்டரைக் கிலோ, ஆக எட்டு நிரப்பு. குளிர் நீரில் செய்த சோதனைக் கணக்கில் ஒரு நிரப்பு மூன்று மணித்தியாலம். எங்கள் 28 பாகை நீரில் அதற்கு மேலும் ஓடும் என்று சிலர் நீட்டுவார்கள். நீட்ட வேண்டாம் என்றேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஆகாதா என்று தம்பியின் தகப்பனார் மெய்யாகவே கேட்டார். ஆகாது, ஐயா. இது மணி மணியாக, அளவான ஈரத்தோடு இருக்க வேண்டும். திறந்த கலனைக் காற்றுப் புகாமல் மூடாவிட்டால் காசு போனது.

ஒட்சிசன் எடுக்கும் பெரிய சிலிண்டரில் அமுக்கம் இறங்க இறங்க நம் சிறு சிலிண்டரும் பாதிதான் நிரம்பும். அமுக்கத்தைக் கூட்டி நிரப்பும் பூஸ்டர் பம்ப் வாங்கும்வரை தம்பி 90, 100 பாரோடு இறங்குகிறார். இரண்டு லீற்றர்ச் சிலிண்டரில் 100 பார் என்றால் 200 லீற்றர். ஆழமில்லாத பயிற்சிக்குத் தாராளம்.

செல்களுக்கு ஓர் ஒழுங்கு வைத்தோம்: மூன்றையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. நாலு மாதத்துக்கு ஒன்று, பழையதை எடுத்துப் புதியதைப் போடுவது. ஒரே தொகுதியில் பிறந்து ஒரே நாளில் கிழடாகும் இரண்டு செல்கள் மறுபடி ஒரே பெட்டிக்குள் சேரக்கூடாது. ஒவ்வொரு மாதமும் கொப்பியில் காற்று எண், ஒட்சிசன் எண். பிறகு 6 மீற்றரில் நின்று தூய ஒட்சிசனால் கழுவி, மூன்றும் 1.6 ஐத் தொடுகின்றனவா என்று பார்ப்பது.

இதை எழுதும்போது அவருக்கு 38 மணித்தியாலம். பெரும்பகுதி காங்கேசன்துறைப் பக்கத்தில் 6, 7 மீற்றரில், கடற்புல்லைப் பார்த்துக்கொண்டு. ஒரு தடவை பாசிக்குடா பக்கம் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு, 25 மீற்றரளவில். மூன்று தடவை தண்ணீரில் கால் வைக்காமலே திரும்பியிருக்கிறார். அதில் ஒன்று, 6 மைல் படகில் போன பிறகு.

மைத்துனர் விடயம் மிச்சமிருக்கிறது. பெட்டி கைக்குக் கிடைத்த அன்று அவர் எனக்குத் தொலைபேசியில் எடுத்தார். கோபம் இல்லை, குழப்பம். போன கோடையில்கூட அந்தக் கருவியோடு ஏரியில் எட்டுத் தடவை இறங்கினாராம், ஒன்றும் நடக்கவில்லையே என்றார். ஒட்சிசனை எத்தனை பாரில் வைத்து ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.

“0.7. ஏரி ஆழமில்லை, மாற்றத் தேவைப்படவில்லை.”

0.7 வரை மூன்று செல்களும் ஏறக்குறைய ஒத்தே பேசியிருக்கும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, புதிய செல் எங்கே மலிவு என்று கேட்டார்.